28 வயசுல போடற கையெழுத்து, 38 வயசுல கட்டற இஎம்ஐ



இந்த வாரம் ஃபண்ட் பற்றியோ டாக்ஸ் பற்றியோ எழுதலை. எனக்கு வந்த ஒரு மெயிலைப் பற்றி எழுதறேன். இதே மாதிரி மெயில் மாசத்துக்கு நாலஞ்சாவது வருது. அனுப்பினவர் யாருன்னு தெரியக்கூடாது என்பதற்காக விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

வயது 29. ஓஎம்ஆர்ல ஐடி வேலை. கைக்கு வரும் சம்பளம் 92,000 ரூபாய். போன வருஷம் ஃபிளாட் வாங்கியிருக்கிறார். 40 லட்சம் ஹோம் லோன், 20 வருஷம், இஎம்ஐ 34,700. கார் லோன் 11,500. கல்யாணத்துக்கு வாங்கின பர்சனல் லோன் 8,000. வீட்டுச் செலவு 30,000. கையிருப்பு 1,60,000.

கடைசியில் கேட்ட கேள்வி இதுதான்: "மேடம், இந்த வேலை எனக்கு ஒட்டவே இல்லை. பி.எட். படிச்சுட்டு டீச்சிங் போகணும்னு ரொம்ப ஆசை. எந்த ஃபண்ட்ல எஸ்ஐபி போட்டா சீக்கிரம் வேலையை விடலாம்?"

இதற்கு என்கிட்ட ஃபண்ட் பேர் எதுவும் இல்லை. அவருடைய பிரச்சினை முதலீடு கிடையாது. மாசம் 54,200 ரூபாய் இஎம்ஐ. சம்பளத்தில் 59 சதவீதம். அந்த இஎம்ஐகளில் கையெழுத்துப் போடும்போது அவர் வேற ஆளா இருந்தார். இப்போ கட்டிக்கிட்டிருக்கிறவர் வேற ஆள்.

எனக்குப் பிடிக்காத ரெண்டு அட்வைஸ்

யூடியூப்ல இந்த விஷயத்துக்கு ரெண்டு விதமான அட்வைஸ் கிடைக்கும். ஒண்ணு, "மனசுக்குப் பிடிச்சதைச் செய், பணம் தானா வரும்." இன்னொண்ணு, "பல்லைக் கடிச்சுக்கிட்டு சம்பாதி, 40 வயசுல ரிட்டயர் ஆயிடு, அப்புறம் பிடிச்சதைச் செய்."

ரெண்டும் எதிரெதிரா தெரியும். ஆனா ரெண்டுக்கும் அடியில் ஒரே நம்பிக்கைதான் இருக்கு. 40 வயசுல நமக்கு என்ன பிடிக்கும்னு 25 வயசுலேயே நமக்குத் தெரியும் என்ற நம்பிக்கை. என் அனுபவத்தில் அது தெரியாது. எனக்குத் தெரியலை. என்கிட்ட கணக்குக் காட்ட வர்ற பெரும்பாலானவர்களுக்கும் தெரியலை.

வேலை எதற்காக என்ற கேள்விக்கு ஒவ்வொரு வயசுலயும் ஒரு பதில் வரும், அது மாறும். இது குறை இல்லை, இயல்பு. அதனால் நம்ம பண முடிவுகளும் மாற்றத்துக்கு இடம் விட்டுத்தான் இருக்கணும். நான் சொல்ல வர்ற கருத்து இது ஒண்ணுதான்.

சி.ஏ. படிச்ச நானே மாட்டின கதை

22 வயசுல ஆர்ட்டிகிள்ஷிப். மாசம் 2,000 ரூபாய் ஸ்டைபண்ட், அதில் பாதி பஸ்ஸுக்கும் டீக்கும் போயிடும். அப்போ எனக்கு இருந்த ஒரே லட்சியம், பேருக்கு முன்னாடி சி.ஏ.னு போடணும். அவ்வளவுதான்.

25 வயசுல ஒரு பெரிய ஆடிட் நிறுவனத்தில் வேலை. ஊர் ஊரா ஆடிட். ஹோட்டல் ரூம்ல ராத்திரி 12 மணிக்கு பேலன்ஸ் ஷீட் டேலி ஆகும்போது வர்ற சந்தோஷம் இருக்கே, அதை நிஜமாகவே ரசிச்சேன். யாராவது "வொர்க் லைஃப் பேலன்ஸ்"னு பேசினா சிரிப்பு வரும்.

28ல கல்யாணம் முடிஞ்ச கையோட ஃபிளாட் வாங்கினோம். என் சம்பளம், கணவர் சம்பளம் ரெண்டையும் சேர்த்துப் பார்த்துதான் பேங்க் லோன் கொடுத்தது. எவ்வளவு லோன் கிடைக்குமோ அவ்வளவும் வாங்கினோம். அப்போ ரெண்டு பேருக்கும் அது தப்பா தெரியலை. சம்பளம் ஏறிக்கிட்டே தானே இருக்கும்?

31ல மகள் பிறந்தாள். 26 வார மகப்பேறு விடுப்பு முடிஞ்சு திரும்பிப் போனேன். அதே சீட், அதே டீம், அதே வேலை. ஆனா நான் மாறிட்டேன். வேலை பிடிக்காமப் போகலை. ராத்திரி 7 மணிக்கு மேல அங்க இருக்கப் பிடிக்கலை, அவ்வளவுதான். சம்பளத்தைக் குறைச்சுக்கிட்டு அரை நாள் வேலை மாதிரி ஏதாவது கிடைக்குமான்னு பார்த்தேன். ஒரு சின்ன ஆபீஸ்ல கிடைச்சது. சம்பளம் பாதிக்கும் கீழ.

அன்னைக்கு ராத்திரி நானும் கணவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். எக்செல் தேவைப்படலை, ஒரு துண்டுப் பேப்பரே போதும். அவர் சம்பளம் மைனஸ் இஎம்ஐ மைனஸ் வீட்டுச் செலவு. மைனஸ்ல வந்தது. அடுத்தவங்களுக்குக் கணக்குப் பார்த்துச் சொல்ற நான், என் வீட்டுக் கணக்கில் ஒரு சம்பளம் நின்னா என்ன ஆகும்னு ஒரு தடவைகூடப் போட்டுப் பார்க்கலை.

அந்த வேலையை விட்டு வெளியே வர எனக்கு இன்னும் மூணு வருஷம் ஆச்சு. வருஷா வருஷம் போனஸ் வந்ததும் லோன்ல போட்டோம், காரை வித்தோம், ஒன்பது மாசச் செலவைத் தனியா சேர்த்தோம். 34ல வெளிய வந்தேன். இப்போ சொந்த ப்ராக்டிஸ், கூடவே இந்தச் சேனல். நல்லாதான் போகுது. ஆனா அந்த மூணு வருஷத்தில் என் மகள் பெரும்பாலும் நான் வீட்டுக்கு வர்றதுக்கு முன்னாடியே தூங்கிடுவா. அதுக்கு ப்ரீபேமென்ட் ஆப்ஷன் கிடையாது.

நம்ம அப்பாக்களுக்கு இந்தக் கேள்வி ஏன் வரலை?

என் அப்பா மாநில அரசு அலுவலகத்தில் இருந்தவர். 22ல வேலை, 58ல ரிட்டயர்மென்ட், அப்புறம் பென்ஷன். ரிட்டயர் ஆகும்போது வந்த பணத்தில்தான் வீடே கட்டினார். எந்த வயசுல என்ன செய்யணும்னு அவருக்கு வேலையே வரிசை போட்டுக் கொடுத்துடுச்சு. கேள்வி வரவேண்டிய அவசியமே இல்லை.

கேள்வி வந்தது ரிட்டயர் ஆன பிறகுதான். மூணு மாசம் தினமும் காலையில் சட்டையை அயர்ன் பண்ணிப் போட்டுக்கிட்டு, எட்டரை மணிக்கு வாசல்ல உட்கார்ந்திருப்பார். அம்மாகிட்ட காரணம் இல்லாம கோபப்படுவார். பணத்துக்குக் குறையே இல்லை. ஆனா காலையில் எழுந்து போக ஓர் இடம் இல்லை. அப்புறம் தெருவில் ஒரு பாட்டிக்கு பென்ஷன் லைஃப் சர்டிபிகேட் எடுக்க உதவி பண்ணப் போனார். அடுத்து இன்னொருத்தருக்கு பேங்க் ஃபார்ம். இப்போ நவம்பர் மாசம் வந்தா எங்க வீட்டு வாசல்ல செருப்பு வரிசையா கிடக்கும். 36 வருஷம் ஆபீஸ்ல ஃபைல் பார்த்த மனுஷனுக்கு அந்த வேலையோட அர்த்தம் 61 வயசுலதான் கிடைச்சதுன்னு எனக்குத் தோணும்.

நமக்கு அந்த வரிசையும் கிடையாது, அந்த பென்ஷனும் கிடையாது. தனியார் வேலையில் இருக்கிற பலருக்கு பி.எஃப். கூட வர்ற இபிஎஸ் பென்ஷன் 15,000 ரூபாய் சம்பள வரம்பை வெச்சுத்தான் கணக்கு. அது 2014 செப்டம்பரில் வெச்ச வரம்பு. நீங்க லட்சம் ரூபாய் சம்பளம் வாங்கினாலும், அந்த வரம்பில் 10 வருஷ சர்வீஸுக்கு 58 வயசுல வர்ற பென்ஷன் மாசம் சுமார் 2,140 ரூபாய். அப்பாவுக்குக் கிடைச்ச வரிசையை நாமளேதான் போட்டுக்கணும். சிரமம்தான். ஆனா அதில் ஒரு வசதியும் இருக்கு. நடுவுல மாத்திக்கலாம், கையில் பணம் இருந்தா.

வயசுக்கு ஏத்த கேள்வி

நான் பார்த்த வரைக்கும் கேள்விகள் இப்படித்தான் மாறுது. வயசு முன்னப்பின்ன இருக்கலாம்.

இருபதுகளில்: "எனக்கு எது நல்லா வரும்?" இது கத்துக்கிற வயசு. இப்போ உங்க பெரிய சொத்து உங்க திறமைதான். 5,000 ரூபாய் எஸ்ஐபியைவிட, அடுத்த வேலைக்கு உதவுற ஒரு நல்ல கோர்ஸ் பல சமயம் அதிக ரிட்டர்ன் கொடுக்கும்.

முப்பதுகளில்: "யாருக்காக சம்பாதிக்கிறேன்?" குழந்தை, அப்பா அம்மாவோட ஆஸ்பத்திரிச் செலவு, எல்லாம் சேர்ந்து வரும். பணமும் வேணும், நேரமும் வேணும். ரெண்டும் ஒரே சமயத்தில் பத்தாமப் போகிற வயசு இது.

நாற்பதுகளில்: "இன்னும் இருபது வருஷம் இதையேவா?" நல்லா சம்பாதிக்கிறவங்களுக்குத்தான் இந்தக் கேள்வி பலமா வருது. என் கிளையன்ட்களில் சிலர் இதை என்கிட்ட கேட்கும்போது குரலைத் தாழ்த்திக்குவாங்க, என்னவோ தப்புப் பண்ணின மாதிரி.

ஐம்பதுக்கு மேல்: "எனக்குத் தெரிஞ்சதை யார்கிட்ட கொடுக்கப் போறேன்?" என் அப்பாவுக்கு வந்த கேள்வி.

இப்போ பண விஷயத்துக்கு வாங்க. இருபதுகளின் கடைசியில் நாம போடற கையெழுத்து, முப்பதுகள் முழுசையும் தாண்டி நாற்பதுகள் வரை வரும்.

பேங்க் சொல்லாத கணக்கு

40 லட்சம், 8.5 சதவீத வட்டி, 20 வருஷம். இஎம்ஐ 34,700 ரூபாய் சுமாருக்கு வரும். 28 வயசுல ஆரம்பிச்சா 38 வயசுல பாதி வழி வந்தாச்சு. அதுவரை நீங்க கட்டினது 41.6 லட்சத்துக்கு மேல, அதாவது வாங்கின கடனைவிட அதிகம். பாக்கி எவ்வளவு தெரியுமா? சுமார் 28 லட்சம். பத்து வருஷம் கட்டியும் அசலில் 12 லட்சம்தான் கழிஞ்சிருக்கும். ஆரம்ப வருஷங்களில் இஎம்ஐயின் பெரும்பகுதி வட்டிக்கே போறதால வர்ற விளைவு இது. பேங்க் ஏமாத்தலை. கணக்கு அப்படி.

"இன்னும் இதையேவா?"னு உங்க மனசு கேட்கிற வயசுல, 28 லட்சம் கடன் பதில் சொல்லும்: "ஆமா, இதையேதான்."

"டாக்ஸ் மிச்சமாகுதே மேடம்?"னு கேட்பீங்க. புதிய வரி முறையில் இருக்கீங்கன்னா, நீங்களே குடியிருக்கிற வீட்டோட லோன் வட்டிக்குக் கழிவு கிடையாது. டாக்ஸுக்காக வீடு வாங்கற காலம் போயிடுச்சு.

அப்போ வீடே வாங்கக் கூடாதா?

நான் அப்படிச் சொல்லலை. நானே வாங்கினவள்தான், அந்த வீட்டில்தான் இருக்கேன். ரெண்டு தலைமுறையா வாடகை வீட்டில் இருந்து, ஹவுஸ் ஓனர் வாயைப் பார்த்தே வளர்ந்த குடும்பத்துக்கு சொந்த வீடுங்கறது வெறும் சொத்து இல்லை, அதுவே லட்சியம். அதை ஃபைனான்ஸ் தெரிஞ்சவங்க கேலி பண்றது எனக்குப் பிடிக்காது. இஎம்ஐ இருந்தாத்தான் சேமிப்பே நடக்கும்னு சொல்றவங்க பேச்சிலும் உண்மை இருக்கு.

நான் கேட்கிறது அளவு. வீடு வாங்குங்க, ஆனா பேங்க் கொடுக்கிற முழு லோனையும் வாங்காதீங்க. பேங்க் பார்க்கிறது உங்களால கட்ட முடியுமான்னு மட்டும்தான். நீங்க மாறினாலும் கட்ட முடியுமான்னு பார்க்க வேண்டியது உங்க வேலை.

இதுக்கு நான் வெச்சிருக்கிற ஐந்து வழிகள்:

1. நிக்கிற மாசத்தைக் கணக்குப் போடுங்க. உடனே எடுக்கக்கூடிய பணத்தை (சேவிங்ஸ், எஃப்.டி., லிக்விட் ஃபண்ட்) மாசச் செலவு பிளஸ் இஎம்ஐயால வகுங்க. சம்பளம் இல்லாம எத்தனை மாசம் நிக்க முடியும்னு தெரியும். மெயில் அனுப்பினவருக்கு 1,60,000 வகுத்தல் 84,200. ரெண்டு மாசம்கூட இல்லை. ஆறு மாசம் அடிப்படை. வேலையை மாத்த நினைக்கிறவங்களுக்கு பன்னிரண்டாவது வேணும். இந்தப் பணத்தை ஷேர்லயோ ஈக்விட்டி ஃபண்ட்லயோ வைக்காதீங்க.

2. ரெண்டு சம்பளம் வந்தாலும், ஒரு சம்பளத்தில் கட்டக்கூடிய இஎம்ஐயா எடுங்க. நான் செய்யாம விட்டது இது. ஒருத்தர் மட்டும் சம்பாதிக்கிற வீடுன்னா, எல்லா இஎம்ஐயும் சேர்த்து சம்பளத்தில் மூணில் ஒரு பங்கைத் தாண்ட வேண்டாம்.

3. ஏற்கனவே லோன் எடுத்தாச்சா? ஃப்ளோட்டிங் வட்டி ஹோம் லோனை முன்கூட்டியே அடைச்சா பேங்க் அபராதம் வாங்க முடியாது. வருஷத்துக்கு ஒரே ஒரு இஎம்ஐ கூடுதலா கட்டினாலும், நான் சொன்ன 20 வருஷ லோன் மூணு வருஷத்துக்கு மேல குறையும். ஆனா முதலில் நிக்கிற மாசம், அப்புறம் ப்ரீபேமென்ட். லோன்ல போட்ட பணத்தை அவசரத்துக்குத் திரும்ப எடுக்கறது சுலபமில்லை.

4. ஆபீஸ் மெடிக்கல் இன்ஷூரன்ஸை மட்டும் நம்பி இருக்காதீங்க. வேலையை விட்டா அந்த கவரும் போயிடும். தனியா பாலிசி எடுத்தா, ஏற்கனவே இருக்கிற வியாதிகளுக்கு மூணு வருஷம் வரை காத்திருப்புக் காலம் இருக்கலாம். உடம்பு நல்லா இருக்கும்போதே எடுத்துட்டா அந்தக் காலம் தானா கழிஞ்சிடும். இன்ஷூரன்ஸுக்காகவே பிடிக்காத வேலையில் இருக்கிறவங்களை எனக்குத் தெரியும்.

5. வேலை மாறும்போது பி.எஃப். பணத்தை எடுக்காதீங்க, அதே யுஏஎன் நம்பர்ல புதுக் கணக்குக்கு மாத்துங்க. ஐந்து வருஷத் தொடர் சர்வீஸுக்கு முன்னாடி எடுத்தா பொதுவா டாக்ஸ் வரும். மாத்திக்கிட்டா பழைய கம்பெனி சர்வீஸும் சேர்ந்தே எண்ணப்படும்.

"எங்களுக்கு இதெல்லாம் முடியாது மேடம்"

இப்படிச் சொல்றவங்களும் இருக்காங்க. தங்கச்சி கல்யாணக் கடன், அப்பா வெச்சிட்டுப் போன வட்டி, ஊர்ல வீட்டுச் செலவு எல்லாத்தையும் 30,000 ரூபாய் சம்பளத்தில் பார்க்கிறவங்க. அவங்ககிட்ட போய் வாழ்க்கையோட அர்த்தம்னு பேசினா கோபம்தான் வரும். நியாயமான கோபம். அவங்களுக்கு இந்தச் சமயத்தில் வேலையோட அர்த்தமே அந்தக் கடனை அடைக்கறதுதான். அது சின்ன அர்த்தம் இல்லை. அடைச்சு முடிக்கிற அன்னைக்கு மட்டும் ஒண்ணு ஞாபகம் வெச்சுக்குங்க. கடன் முடிஞ்ச அடுத்த மாசமே அந்தத் தொகைக்குப் புது இஎம்ஐ போட்டுடாதீங்க. ஆறு மாசம் சும்மா சேருங்க. அந்த ஆறு மாசத்தில் உங்களுக்கு என்ன வேணும்னு உங்களுக்கே கேட்கும்.

அவருக்கு நான் எழுதின பதில்

வேலையை இப்போ விடாதீங்கன்னு எழுதினேன். காரை வித்தா லோனை அடைக்கிற அளவுக்குப் பணம் வரும்னு சொல்லியிருந்தார். அதைச் செஞ்சா மாசம் 11,500 மிச்சம். பர்சனல் லோன் இன்னும் 14 மாசத்தில் முடியும், அப்புறம் 8,000 மிச்சம். செலவைக் கூட்டாம இருந்தா, ரெண்டரை வருஷத்தில் கையில் சுமார் 8.6 லட்சம் இருக்கும். நிக்கிற மாசம் ரெண்டிலிருந்து பதிமூணு ஆகும். இது இன்கிரிமென்ட் எதையும் சேர்க்காத கணக்கு. ரெண்டு வருஷ பி.எட்.டுக்கு இது மட்டும் பத்தாது, உண்மைதான். ஆனா சம்பளம் குறைஞ்ச ஒரு ட்ரெயினர் வேலைக்கோ, பார்ட் டைம் டியூஷனோட படிக்கறதுக்கோ இறங்கிப் பார்க்கிற தைரியம் வரும்.

அதுவரைக்கும் சனி, ஞாயிறு பக்கத்துல எங்கயாவது பசங்களுக்குச் சொல்லிக்கொடுத்துப் பாருங்கன்னும் சொன்னேன். ஆசை வேற, தினமும் செய்யற வேலை வேற. அது செஞ்சு பார்த்தாத்தான் தெரியும்.

அவர் திரும்பக் கேட்டார்: "ரெண்டரை வருஷம் கழிச்சு எனக்கு டீச்சிங் ஆசையே போயிட்டா?"

போனா போகட்டும். அந்த 8.6 லட்சத்து மேல டீச்சிங்னு பேர் எழுதலையே. அப்போ உங்களுக்கு எது முக்கியமா தோணுதோ, அதுக்கு அந்தப் பணம் இருக்கும். ஒருவேளை அதே ஐடி வேலையில் நிம்மதியா இருப்பீங்க. போக முடியும்னு தெரிஞ்சும் இருக்கிறது வேற, போக முடியாம இருக்கிறது வேற.

இந்த ஞாயித்துக்கிழமை ஒரு பத்து நிமிஷம் ஒதுக்குங்க. உங்க நிக்கிற மாசம் எத்தனைன்னு போட்டு, அந்த நம்பரை எங்கயாவது எழுதி வைங்க. ரெண்டுன்னு வந்தாலும் பரவாயில்லை. 31 வயசுல நான் போட்டப்போ எனக்கு ஒண்ணரைதான் வந்தது.

இந்த வார வீடியோவில் இதே கணக்கை எக்செல்ல போட்டுக் காட்டறேன். உங்க நம்பரை வெச்சுக்கிட்டுப் பாருங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.